புதன்கிழமை சேர்ந்தவன்

என் தம்பி விமானி என்று கும்மிடிப்பூண்டியில் யாரிடம் சொன்னாலும் அடுத்து ஒரு கேள்வி வரும். “ஓட்றாரா சார், கூட ஒக்காந்துகினு போறாரா?”

நாள் முழுவதும் லாரிகள் வந்து போகும் ஊர் அது. வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர் என்பதுதான் அங்கே தெரிந்த ஏற்பாடு. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர்தான் ஓட்டுபவர். நான் ஒவ்வொரு முறையும் விளக்குவேன். இருவருக்கும் உரிமம் உண்டு, இருவரும் மாறி மாறி ஓட்டுவார்கள், ஒருவர் இடப்பக்கம் இருப்பார், இன்னொருவர் வலப்பக்கம் இருப்பார். கேட்டவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அப்ப உங்க தம்பி எந்தப் பக்கம்?” என்பார். வலப்பக்கம் என்பேன். “அதான் கேட்டன்” என்பார்.

கேள்வியில் தப்பில்லை. இடப்பக்க இருக்கை கேப்டனுடையது. விமானத்தை எடுப்பதா வேண்டாமா என்பதிலிருந்து, மழையில் இறக்குவதா வேறு ஊருக்குத் திருப்புவதா என்பதுவரை கடைசி வார்த்தை அவருடையது. தோளில் நான்கு கோடுகள். வலப்பக்கம் உட்காரும் துணை விமானிக்கு மூன்று. வலத்திலிருந்து இடத்துக்கு நகர்வதற்குக் ‘கமாண்ட்’ என்று பெயர். இரண்டு இருக்கைகளுக்கும் இடையே ஒரு முழம் இருந்தால் அதிகம். அதைக் கடக்கத் தம்பி ஏழு ஆண்டுகளாகக் காத்திருந்தான்.

கடப்பதற்குப் பறந்த நேரம் வேண்டும், தேர்வுகள் வேண்டும். இரண்டும் அவனிடம் இருந்தன. அதற்கு மேல் முறை வரவேண்டும். முறையைத் தீர்மானிப்பது சீனியாரிட்டி நம்பர். நிறுவனத்தில் சேர்ந்த வரிசைப்படி ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண். யாருக்கு முதலில் கமாண்ட் பயிற்சி, யாருக்குப் பெரிய விமானம், தீபாவளிக்கு யாருக்கு விடுப்பு, ஆள் குறைத்தால் யார் முதலில் வெளியே என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் கூடவே வராது. எவ்வளவு பறந்தவனும் அங்கே வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். இரண்டு விமானிகள் முதல்முறையாகச் சந்திக்கும்போது, சொந்த ஊரைக் கேட்பதற்கு முன் எண்ணைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்குப் பகுதி என் பொறுப்பு. உருக்காலைகள், ரசாயன ஆலைகள், கவரைப்பேட்டை வரையிலான நெடுஞ்சாலை விபத்துகள். ஆலை வாசலில் ஆர்ப்பாட்டம் என்றால் வந்தவர்களை நானே நின்று எண்ணிக்கொள்வேன். சங்கம் சொல்லும் எண்ணும் நிர்வாகம் சொல்லும் எண்ணும் எனக்கு உதவியதில்லை. எங்கள் வீடு திருவள்ளூரில். ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதானால் சென்னை வரை போய்த் திரும்பி வேறு பாதையில் ஏற வேண்டும். அதனால் வாரநாட்களில் கும்மிடிப்பூண்டியிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தம்பி, அவன் மனைவி, அப்பா மூவரும் திருவள்ளூர் வீட்டில் இருந்தார்கள்.

தம்பிக்கு வேலை கிடைத்தபோது வந்த உத்தரவில், வெள்ளிக்கிழமை வந்து சேர வேண்டும், இயலாதவர்கள் ஒரு வாரத்துக்குள் சேரலாம் என்று இருந்தது. அப்பா பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்பவர். நாள் பார்க்காமல் எங்கள் வீட்டில் புதுச் செருப்புகூடப் போட்டதில்லை. அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். வெள்ளியிலிருந்து ஞாயிறு மதியம்வரை தம்பிக்குச் சந்திராஷ்டமம். திங்கள் கரிநாள். செவ்வாய்க்கிழமையில் அப்பா எதையும் தொடங்க விடமாட்டார். புதன்கிழமை காலை நன்றாக இருந்தது.

“ஆகாசத்துல போற உத்தியோகம்டா. தரையில பாக்கற வேலைன்னா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார்.

தம்பி நிறுவனத்துக்குப் போன் செய்து வீட்டில் ஒரு விசேஷம் என்றான். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. அவனோடு தேர்வான நாலைந்து பேர் வெள்ளிக்கிழமையே சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன், விமானம் ஓட்டக் கற்ற காலத்திலிருந்து தம்பியின் அறைத்தோழன். உண்மைக் காரணம் அந்த நண்பனுக்கு மட்டும் தெரியும். எண் கொடுத்தபோது நண்பனுக்குச் சற்றுப் பின்னால், அந்தக் குழுவின் கடைசி ஆளாகத் தம்பி வந்தான். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பல ஆண்டுகள் அது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. நண்பன் சாப்பிட வந்தால் அப்பாவிடம், “எனக்கும் கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாள் பாத்து வைங்க மாமா. பொண்ண நான் பாத்துக்கறேன்” என்பான்.

பிறகு விமான நிறுவனங்கள் ஒன்றையொன்று வாங்கத் தொடங்கிய காலம் வந்தது. தம்பி வேலை பார்த்த சிறிய நிறுவனம் ஒரு பெரிய நிறுவனத்தோடு இணையும் என்று அறிவித்தார்கள். நிறுவனங்கள் இணைந்தால் வரிசைகளும் இணைய வேண்டும். எப்படி இணைப்பது என்பதுதான் சண்டை. இரண்டு பக்கமும் தனித்தனிச் சங்கம். பெரிய நிறுவனத்தின் சங்கம், சேர்ந்த தேதிப்படி எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தச் சொன்னது. சிறிய நிறுவனத்தின் சங்கம், இப்போது இருக்கும் துணை விமானிகள் எல்லாரும் கேப்டன் ஆகும்வரை இரண்டு வரிசையும் தனித்தனியாக நடக்கட்டும் என்றது. தம்பி இந்தச் சங்கத்தின் சென்னைப் பிரிவுக்கு அமைப்பாளன்.

தனித்தனி என்றால் அவனுக்குக் கவலையில்லை. கமாண்ட் பயிற்சிக்கு அடுத்த அழைப்பு அவனுக்கும் நண்பனுக்கும்தான். ஒரே வரிசை என்றால் கதை வேறு. பெரிய நிறுவனம் அதே ஆண்டில், அதே மாதத்தில், ஒரு பெரும் கூட்டத்தை வேலைக்கு எடுத்திருந்தது. அவர்கள் அத்தனை பேரும் சேர்ந்தது அந்தத் திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை சேர்ந்த நண்பன் அவர்களுக்கு முன்னால் நின்றான். புதன்கிழமை சேர்ந்த என் தம்பி அவர்கள் எல்லாருக்கும் பின்னால் போனான்.

இது தெரிந்த வாரத்தில் அவன் என்னைத் தேடிக் கும்மிடிப்பூண்டிக்கே வந்தான். சங்கக் கூட்டம் நடத்த ஓர் இடம் வேண்டும் என்றான். நகரத்து ஓட்டல்களில் நடத்தினால் அன்று மாலையே நிர்வாகத்துக்குப் போய்விடுகிறதாம்.

“யாரும் எட்டிப் பாக்காத இடமா இருக்கணும்ணா. இன்னொண்ணு. நீ வரலாம், ஆனா எழுதக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். உருக்காலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் எனக்குப் பழக்கம். ஆலைக்குள் கிரேன் ஓட்டுபவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர்கள் சங்கத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். கேட்டேன்.

“பைலட்டுங்களுக்கு யூனியனா? அவுங்களுக்கு இன்னா சார் கொற?” என்றார்.

சொன்னேன்.

“சரி, ஹாலு சும்மாதான் கெடக்குது. பூட்டி வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறன்? வாடகைலாம் வேணாம். போவ சொல்ல ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் போவச் சொல்லுங்க. அது போதும்.”

ஞாயிறு காலை கார்கள் ஒவ்வொன்றாக வந்தன. விமானிகள் இறங்கிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் தன் வெள்ளைக் காரின் மேல் அதற்குள் படிந்திருந்த கரித்தூசியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்தார். உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பழைய வேலைநிறுத்தச் சுவரொட்டிகள். நான் கடைசி வரிசையில் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்களைப் பழக்கதோஷத்தில் எண்ணினேன். ஏறக்குறைய பாதிப் பேர் கேப்டன்கள்.

கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஒவ்வொருவரும் ஒரு கொள்கை பேசினார்கள். எந்தக் கொள்கை வந்தால் தன் எண் மேலே போகுமோ அதுதான் அவரவர் கொள்கை. ஒருவர்கூட இதற்கு விலக்கில்லை. வேறு நிறுவனத்தில் பல ஆண்டு பறந்துவிட்டுத் தாமதமாக வந்த ஒரு கேப்டன், சேர்ந்த தேதி என்பதே காலத்துக்கு ஒவ்வாதது, பறந்த மணி நேரத்தைத்தான் எடுக்க வேண்டும் என்றார். குறைவாகப் பறந்திருந்த இளைஞர் ஒருவர், மணி நேரம் என்பது கொடுத்த டூட்டியைப் பொறுத்தது, அதில் நீதி இல்லை என்றார். விமானப் படையிலிருந்து வந்த மூத்த கேப்டன் எழுந்து நின்று, “நாட்டுக்காகப் பறந்த வருஷத்தையும் சேக்கணும்” என்றார்.

செயலாளர் என் பக்கம் சாய்ந்தார். “மிலிட்டரி சர்வீஸ சேத்தா எங்க வாட்ச்மேன்தான் சார் சீனியரு.”

இந்த மாதிரிப் பேச்சை நான் ஆலைகளில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அங்கே எனக்கு இது எரிச்சல் தந்ததில்லை. அன்று தந்தது. தம்பி முன்னால் நின்று ஒவ்வொருவர் பேசுவதையும் குறித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு கொள்கை இருந்தது, அதுவும் அவன் எண்ணுக்குப் பொருந்தியதுதான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அவனுடைய கொள்கையைத்தான் இதே சங்கம் முந்தைய கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டிருந்தது.

தேநீர் இடைவேளையில் மின்சாரம் போயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே யாராலும் உட்கார முடியவில்லை. எல்லாரும் வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றோம். பழவேற்காட்டுக்காரரான ஒரு பாயின் கடையிலிருந்து மதியத்துக்குப் பிரியாணி அண்டா வந்து இறங்கியது. செயலாளர் தம்பியிடம் வந்து, “இவ்ளோ பேசறதுக்கு ஒரு நாளு வண்டிய எடுக்காம வுட்டா முடிஞ்சுது சார். கேட்ல நின்னுக்கினு ஒருத்தனயும் உள்ள வுடக் கூடாது” என்றார்.

“எங்களுக்கு கேட்டே இல்லைங்க” என்றான் தம்பி.

“ஏர்போர்ட்டுக்கு கேட் இல்லியா?”

“அது எங்க கம்பெனி கேட் இல்லை.”

செயலாளருக்கு அது உண்மையிலேயே பாவமாக இருந்தது. பிறகு தன் ஆலைக் கதையைச் சொன்னார். பக்கத்து ரோலிங் மில்லை அவர்கள் முதலாளி வாங்கியபோது அங்கேயும் இதே பிரச்சினை வந்ததாம். இரண்டு ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்களையும் சேர்த்து ஒரே வரிசை ஆக்கினார்களாம். பல ஆண்டுகளாகக் காண்ட்ராக்டில் இருந்தவர்களைக் கடைசியில் போட்டார்களாம்.

“அவங்க சண்டை போடலையா?” என்று கேட்டேன்.

“எப்டி சார் போடுவாங்க? அவுங்களுக்குத்தான் யூனியனே கெடையாதே.”

அவர் பெருமையாகத்தான் சொன்னார். தம்பி டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

மின்சாரம் வந்த பிறகு நண்பன் எழுந்தான். கையில் பெரிய நிறுவனத்து விமானிகளின் வரிசைப் பட்டியல் இருந்தது. அந்த வாரத்தில்தான் கிடைத்ததாம். மற்றவர்களைப் போல அவன் குரலை உயர்த்தவில்லை.

“தனித்தனி வரிசைன்னு நாம நின்னா அவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. போனா எல்லாருக்கும் கமாண்ட் நிக்கும். டேட் ஆஃப் ஜாயினிங்கை ஒத்துக்குவோம். பதிலுக்கு, இப்ப கேப்டனா இருக்கற யாரையும் வலது சீட்டுக்கு இறக்கக் கூடாதுன்னு எழுதி வாங்குவோம்.”

கேப்டன்கள் வரிசையில் தலைகள் அசைந்தன. அவர்களுக்குத் தேவையானது அவ்வளவுதான்.

தம்பி, “போன கூட்டத்துல தனித்தனி வரிசைன்னு தீர்மானம் போட்டோம். முன்மொழிஞ்சது நீ” என்றான்.

“ஆமா. போன கூட்டத்துல இந்த லிஸ்ட் நம்ம கையில இல்லையே.”

இவ்வளவு நேர்மையான பதிலை அன்று வேறு யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை.

தம்பி கடைசியாக ஒன்று கேட்டான். சேர்ந்த தேதியை எடுக்காமல் வேலை உத்தரவின் தேதியை எடுக்கலாம், நம் குழுவில் எல்லாருக்கும் உத்தரவு ஒரே தேதியில்தான் வந்தது என்றான். விமானப் படைக் கேப்டன் நெற்றியைச் சுருக்கினார். “அப்படின்னா அவங்களும் உத்தரவுத் தேதியைக் கேப்பாங்க. அவங்களுக்கு நமக்கு முன்னாடி வந்திருந்தா? மொத்தப் பேரும் நமக்கு மேல ஏறிடுவாங்க.” பிறகு, “நீங்க ஏன் லேட்டா சேந்தீங்க?” என்று கேட்டார்.

“பர்சனல்” என்றான் தம்பி.

“அவங்க வீட்டுல நல்ல நாள் பாத்தாங்க கேப்டன்” என்றான் நண்பன்.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. நண்பனும் சிரித்தான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை சொன்ன அதே குரலில்தான் சொன்னான். சூட்டைத் தணிக்கச் சொன்னான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிரிப்போடு உத்தரவுத் தேதி என்ற யோசனை முடிந்துவிட்டது. அதை மறுபடி யாரும் எடுக்கவில்லை.

தீர்மானத்தை வாசிக்க வேண்டியவன் அமைப்பாளன். தம்பி அதை ஒரு வார்த்தை பிசகாமல் வாசித்தான். ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள், எண்ணினான். எதிர்ப்பவர்கள் தூக்கினார்கள். அவர்களை எண்ண நேரம் ஆகவில்லை. தம்பிக்குப் பின் சேர்ந்த இளையவர்கள் சிலர். அவ்வளவுதான்.

“அவுரு ஏன் சார் கை தூக்கல?” என்றார் செயலாளர்.

“அமைப்பாளர் ஓட்டுப் போடக் கூடாது. சங்க விதி.”

“நல்லா வச்சாங்க விதி” என்றார். எழுந்து போய்ப் பிரியாணி அண்டாவைத் திறந்தார்.

கவரைப்பேட்டை தாண்டிப் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்குக் காரில் திரும்பினோம். தம்பி ஓட்டினான். நான் நண்பனைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொன்னேன். “அவன் இடத்துல நான் இருந்தா நானும் அந்த லிஸ்ட்டைத்தான் பாத்திருப்பேன்” என்றான். அவன் சொன்னது உண்மையா, அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் அவனால் வண்டி ஓட்ட முடிந்ததா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

வீட்டில் அப்பா கோயிலிலிருந்து திரும்பியிருந்தார். தம்பி நேரே உள்ளே போய்விட்டான். நடந்ததை நான்தான் சொன்னேன். வரிசை, திங்கட்கிழமை சேர்ந்தவர்கள், புதன்கிழமை, எல்லாவற்றையும். அப்பா முழுவதும் கேட்டார்.

“அப்போ நான் பார்த்த நாள் தப்புங்கறேளா?”

“தப்புன்னு யாரும் சொல்லலைப்பா.”

“இந்த ஏழு வருஷத்துல அவனுக்கு ஒரு சின்ன ஆபத்து வந்திருக்கா? வெள்ளிக்கிழமை சேர்ந்தானே அவன் சிநேகிதன், அவன் போன விமானத்துக்குக் கோயம்புத்தூர்ல டயர் வெடிச்சுதா இல்லையா?”

வெடித்தது உண்மை. யாருக்கும் காயமில்லை, நண்பனே வந்து சொல்லியிருந்தான். ஆதாரம் கேட்டுப் பிழைப்பவன் நான். இதற்கு எதிராக எந்த ஆதாரத்தைக் காட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. நடக்காத விபத்துகள் எல்லாம் அப்பாவின் பக்கம் இருந்தன.

தம்பி உள்ளேயிருந்து வந்தான். “நீங்க பார்த்தது நல்ல நாளாவே இருக்கட்டும். திங்கட்கிழமை கரிநாள்னேளே. அன்னிக்குச் சேர்ந்த அத்தனை பேரும் எனக்கு முன்னாடி எப்படிப் போனா?”

“அவாளுக்கு இனிமேதான் தெரியும்” என்றார் அப்பா.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். குளக்கரையைச் சுற்றிவிட்டு வந்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது சாப்பாடு ஆறியிருந்தது. அப்பாவிடம் அவன் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. அவர் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்தேன். ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை. அது எந்த எண்ணையும் மாற்றியிருக்காது.

சில நாள் கழித்து எங்கள் பத்திரிகையின் உள்பக்கத்தில் டெல்லிச் செய்தி ஒன்று வந்தது. இரு விமானி சங்கங்களிடையே பணிமூப்புப் பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது என்று இரண்டே பத்தி. சுமுகம் என்ற சொல்லை நானும் எத்தனையோ ஆலைச் செய்திகளில் போட்டிருக்கிறேன். அன்றுதான் அதை வாசகனாகப் படித்தேன். எழுத மாட்டேன் என்று தம்பிக்குக் கொடுத்த வாக்கு கூட்டத்தைப் பற்றியது மட்டும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பணிமூப்பைப் பற்றிப் பொதுவாக ஒரு கட்டுரை தரலாமா என்று செய்தி ஆசிரியரைக் கேட்டேன்.

“பைலட்டுக்குச் சம்பளம் என்னய்யா இருக்கும்?” என்றார்.

சொன்னேன்.

“அதைப் போட்டா வாசகன் அழ மாட்டான். போடலைன்னா நம்ப மாட்டான். அந்தப் பாய்லர் வெடிப்பை ஃபாலோ பண்ணு.”

தம்பி வளைகுடா நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தான். அழைப்பு வந்தது. போனால் அங்கே வரிசையின் கடைசி எண். இங்கே இருந்தால் இடையில் நுழைந்த கூட்டம் கரையும்வரை காத்திருக்கலாம். அவன் பென்சிலும் காகிதமுமாக எவ்வளவோ மாலைகள் உட்கார்ந்தான். கடைசியில் இங்கேயே இருந்தான். அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறியது. புது விமானங்கள் வாங்குவதைத் தள்ளி வைத்தார்கள். விமானம் வராவிட்டால் புதுக் கேப்டன் தேவையில்லை. வரிசை அப்படியே நின்றது. விலை ஏறுவதற்கு முன் கமாண்ட் பயிற்சி முடித்து வெளியே வந்த கடைசிச் சிலரில் நண்பனும் ஒருவன்.

புதுக் கேப்டனுக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள துணை விமானியைத்தான் போட வேண்டும் என்பது விதி. வலப்பக்க இருக்கையில் சென்னையில் மிக அனுபவமுள்ளவர்களில் ஒருவன் தம்பி. ஒரு மாதம் டூட்டி அட்டவணை வந்தபோது அவனும் நண்பனும் ஒரே விமானத்தில் இருந்தார்கள். சென்னையிலிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து சென்னை. உடம்பு சரியில்லை என்று சொல்லித் தவிர்த்திருக்கலாம். அவன் மனைவியும் அதைத்தான் சொன்னாள். அவன் போனான்.

அன்று எனக்கு வார விடுப்பு, திருவள்ளூரில் இருந்தேன். மதியம் வண்டி வந்து அவனை இறக்கிவிட்டுப் போனது. தொப்பியை ஆணியில் மாட்டினான்.

“என்ன பேசினேள் ரெண்டு பேரும்?” என்று கேட்டேன்.

“செக்லிஸ்ட்ல இருக்கறதைப் பேசினோம்.”

“வேற ஒண்ணுமே இல்லையா?”

“கொச்சியில இறங்கும்போது மழை. நல்லாத்தான் இறக்கினான்.” காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். “திரும்பி வந்து வண்டிக்கு நடக்கும்போது சொன்னான். இந்த லேண்டிங்கை உனக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன்டா, புதுக் கேப்டன் குடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குன்னான்.”

நான் சொல்ல வாயெடுத்ததை அவன் முகத்தாலேயே தடுத்துவிட்டான்.

“இல்லைண்ணா. அந்த ரூல் நிஜமாவே இருக்கு” என்றான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.